கழுத்தை வளைப்பது கண்

பல் மருத்துவம் (பி.டி.எஸ்.) படிக்கும் மாணவர்களிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்டால் கழுத்து, தோள்பட்டை, கீழ்முதுகு என்ற மூன்றும்தான் முதலில் வரும், மணிக்கட்டு அடுத்து. இத்தனைக்கும் அவர்கள் எந்தப் பாரத்தையும் தூக்குவதில்லை. பல்லைக் குடையும் ஏரோட்டார் கைக்கருவி 100 கிராம்கூட இருக்காது. ஒரே நிலையில் அசையாமல் உட்கார்ந்திருப்பதால் வருகிற வலி இது.

தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. 30 பாகை குனிந்தால் கழுத்தெலும்புகள் மீது விழும் விசை சுமார் 18 கிலோவுக்குச் சமம் என்று 2014-இல் வெளியான ஒரு கணினி மாதிரி கணக்கிட்டது. எண் சற்று முன்பின் இருந்தாலும் நெம்புகோல் கணக்கு மாறாது: தலை முன்னே போகப் போக, பின்கழுத்துத் தசை அதைப் பிடித்து நிறுத்த இன்னும் பலமாக இழுத்தாக வேண்டும். நடக்கும்போது தசை சுருங்கி விரிவதால் ரத்தம் தானாக உள்ளே வந்து போகும். குனிந்த தலையைப் பிடித்திருக்கும் தசைக்கு விரிய நேரமில்லை; உள்ளழுத்தம் சிறு நாளங்களை நெருக்கி ரத்தத்தைக் குறைக்கிறது. தசைக்குள் குறைந்த விசைக்கான சிறிய இழைகள்தான் முதலில் வேலைக்கு வரும், கடைசியில்தான் ஓய்வு பெறும். ‘லேசான வேலைதானே’ என்று தோன்றினாலும் அதே இழைகள் மணிக்கணக்கில் உழைத்துக்கொண்டே இருக்கும். இதைச் சிண்டிரெல்லா கருதுகோள் என்பார்கள்.

மாணவர் ஏன் குனிகிறார்? பல் கண்ணுக்குத் தெரியவில்லை, அதனால். மேல் வலது இரண்டாம் கடைவாய்ப் பல்லின் கடிபரப்பில் சொத்தை என்று வையுங்கள். அதை நேராகப் பார்க்கக் கழுத்தைக் குனிந்து, முறுக்கி, தோளையும் உயர்த்த வேண்டும். நோயாளியின் உச்சந்தலைக்குப் பின்னால், அதாவது 12 மணி நிலையில் அமர்ந்து, வாய்க்குள் விடும் சிறு கண்ணாடியான மௌத் மிரரில் பார்த்தால் முதுகு நேராகவே இருக்கும். ஆனால் கண்ணாடியில் திசை மாறித் தெரிவதால் கை தடுமாறும். ஏரோட்டாரின் தண்ணீர் தெறித்துக் கண்ணாடி மங்கும். இரண்டே நிமிடத்தில் மாணவர் மிரரை வெறும் கன்னம் விலக்கும் கரண்டியாக்கிவிடுகிறார். கண்ணாடியைப் பல்லிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தால் தெறிப்பு குறையும். எச்சிலையும் தண்ணீரையும் உறிஞ்சும் சக்‌ஷன் பிடிக்கும் தோழர் அவ்வப்போது கண்ணாடி மேல் காற்று ஊதலாம். முன்பரப்பிலேயே பூச்சுள்ள மிரர் வாங்கினால் பிம்பம் இரட்டையாகத் தெரியாது. இந்தப் பழக்கம் இரண்டாம் ஆண்டில் ஃபாண்டம் ஹெட் எனும் பயிற்சிப் பொம்மைத் தலையிலேயே வர வேண்டும். காகிதத்தில் வரைந்த கட்டங்களை மிரரில் மட்டும் பார்த்துப் பென்சிலால் நிரப்பிப் பழகுவது மலிவான பயிற்சி.

அடுத்த கோளாறு, எதை முதலில் சரிசெய்வது என்ற வரிசையில் இருக்கிறது. நோயாளியை உட்கார வைத்துவிட்டு அவருக்கேற்பத் தன் உடம்பை வளைப்பதுதான் வழக்கம். முதலில் ஸ்டூல்: பாதம் தரையில் பதிந்து, தொடை முழங்காலை நோக்கிச் சற்றே சரிய வேண்டும். ஸ்டூல் தாழ்ந்தால் இடுப்பு பின்னால் சாய்ந்து கீழ்முதுகின் இயல்பான வளைவு தட்டையாகிவிடும். பிறகு நோயாளியின் வாய் உங்கள் முழங்கை உயரத்துக்கு வருமாறு சேரை ஏற்றுங்கள். மேல்தாடை என்றால் முதுகுச்சாய்வை நன்றாகப் படுக்க வைத்து முகவாயை உயர்த்தச் சொல்ல வேண்டும்; கீழ்த்தாடை என்றால் முகவாய் மார்புப் பக்கம் தாழ வேண்டும். கண்ணுக்கும் பல்லுக்கும் 35 முதல் 40 செ.மீ. தலைக் குனிவு 25 பாகைக்குள், உடல் சாய்வு 20 பாகைக்குள். “ஐயா, தலையை லேசா இந்தப் பக்கம் திருப்புங்க” என்று கேட்கத்தான் பலருக்குக் கூச்சம். நோயாளிக்கு அது ஒரு நொடி வேலை. ஏரோட்டாரை ஓட்டும் கால் மிதியை எட்டாத இடத்தில் விட்டுவிட்டு ஒரு காலை நீட்டி மிதிப்பவருக்கு எடை ஒரே பக்க இடுப்பில் விழும். மிதியை அருகில் இழுத்துக்கொள்வது யாருக்கும் சொல்லித்தரப்படாத சின்ன விஷயம்.

பல் பிடுங்குவது நின்று செய்யும் வேலை. மேல் பல்லுக்கு வாய் தோளுக்கு 8 செ.மீ. கீழேயும், கீழ்ப் பல்லுக்கு முழங்கைக்கு 16 செ.மீ. கீழேயும் இருக்கட்டும் என்பது பாடநூல் அளவு. பரீட்சையில் எழுதுகிறவர்கள் சேரில் அதைச் செய்வதில்லை.

மணிக்கட்டின் எதிரி, பல்லில் படிந்த காரையைச் சுரண்டும் ஸ்கேலர் மழுங்கிப்போவது. கூர்மை போனால் காரையைப் பெயர்க்க விரல்கள் கூடுதலாக நெரிக்கும். கைப்பிடி சுமார் 10 மி.மீ. தடிமனாகவும் எடை 15 கிராமுக்குள்ளும் இருந்தால் விரலழுத்தம் குறைவதை ஆய்வில் அளந்திருக்கிறார்கள். மெல்லிய, கனத்த பழைய கருவிகள் இதற்கு நேர்மாறானவை. மோதிர விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்றாமல் ஸ்கேலிங் செய்தால் தோளே கையைத் தாங்க வேண்டியிருக்கும்.

லூப்ஸ் எனும் உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்கினால் எல்லாம் சரியாகும் என்று நம்ப வேண்டாம். லென்ஸ் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம் போதாவிட்டால் கழுத்து பழையபடி குனியும். சீனியரிடம் பாதி விலைக்கு வாங்கும் லூப்ஸ் அவருடைய கண் இடைவெளிக்கும் உயரத்துக்கும் அளந்தது.

இத்தனை சிகிச்சை செய்தாக வேண்டும் என்ற கோட்டாவை முடிக்கும் அவசரத்தில் அடுத்தடுத்து நோயாளிகளைப் பார்க்கும்போதும், மரப்பு மருந்து ஏறும் நேரம், ஃபில்லிங் இறுகும் நேரம் எனச் சில நிமிடங்கள் சும்மா கிடைக்கும். அப்போது எழுந்து தோள்களைப் பின்னுக்கு இழுத்து, முகவாயை உள்ளே தள்ளி, வேலையில் குனிந்ததற்கு எதிர்த்திசையில் நீட்டுங்கள். கட்டைவிரல், ஆட்காட்டி, நடுவிரல் இரவில் மரத்துப்போனால் மணிக்கட்டு நரம்பு நெருக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும்; வலி கழுத்திலிருந்து கைக்கு இறங்கினாலோ, பிடித்த கருவி நழுவினாலோ வலி மாத்திரையில் நாள் கடத்தாமல் எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ அந்த வாரமே பார்த்துவிடுங்கள்.