அஃபிங்டன் குதிரையின் வயதை மண் சொன்ன விதம்

இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷரில் அஃபிங்டன் என்று ஒரு சின்னக் கிராமம். 13ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று ஊருக்குள் இருக்கிறது. ஆனால் ஆட்கள் தேடி வருவது தெற்கே உள்ள குன்றுக்கு. அதன் சரிவில் சுமார் 110 மீட்டர் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் குதிரை: புல்தரையில் பள்ளம் வெட்டி, அதில் சுண்ணக்கல்லை இடித்து நிரப்பி உருவாக்கியது.

இதை வெட்டியவர் யார்? கி.பி. 871-இல் டேனியரை வென்ற ஆங்கிலேய மன்னர் ஆல்பிரட்டின் வெற்றிச் சின்னம் என்று வெகுகாலம் நம்பினார்கள். இரும்புக்கால நாணயங்களிலும் இதே சாயலில் குதிரை இருக்கிறதே என்றார்கள் வேறு சிலர். சரி, சோதித்துப் பார்க்கலாம் என்றால், உயிரோடு இருந்த பொருளின் வயதைக் கணிக்கும் ரேடியோகார்பன் முறைக்குக் கரித்துண்டோ எலும்போ வேண்டும். சுண்ணக்கல்லோ டைனோசர் காலத்தது. அதன் வயதை வைத்துக் குதிரையின் வயதைச் சொல்ல முடியாது.

1990களில் தொல்லியலாளர்கள் பள்ளத்தின் அடியில் படிந்திருந்த மண்ணைச் சோதித்தார்கள். மண்ணில் உள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சு, அங்குள்ள குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் துகள்களில் எலக்ட்ரான்களை இடம்பெயர்த்துக்கொண்டே இருக்கும். அவற்றில் சில, படிகத்தின் குறைபாடுகளில் சிக்கிக்கொள்ளும். உண்டியலில் காசு சேர்வது போல இது ஆண்டுதோறும் சேரும். வெயில் பட்டால் உண்டியல் காலி. மண் மூடியதும் மறுபடி சேமிப்பு தொடங்கும்.

அதனால் மாதிரியை எடுக்கும்போது வெளிச்சம் துளிகூடப் படக்கூடாது. ஆய்வகத்தில் மங்கிய சிவப்பு விளக்கில்தான் வேலை. துகள்கள்மீது குறிப்பிட்ட ஒளியைப் பாய்ச்சினால், சிக்கிய எலக்ட்ரான்கள் விடுபட்டு மெல்லிய ஒளி வரும். அதிலிருந்து துகள் வாங்கிய மொத்தக் கதிர்வீச்சைக் கணித்து, அந்த மண் ஓராண்டில் தரும் அளவால் வகுத்தால் கடைசியாக வெயில் பட்டு எத்தனை ஆண்டு ஆயிற்று என்று தெரிந்துவிடும்.

அஃபிங்டனில் வந்த விடை சுமார் கி.மு. 1400-க்கும் 600-க்கும் இடையில். எண்ணூறு ஆண்டு இடைவெளி கொஞ்சம் அகலம்தான். ஆனாலும் ஆல்பிரட் கதையை ஒதுக்க அது தாராளமாகப் போதும். அவர் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே குதிரை அங்கே இருந்திருக்கிறது.

எனக்கு இதைவிட ஆச்சரியம், அது அழியாமல் இருப்பது. சில பத்தாண்டுகள் கவனிக்காமல் விட்டாலே புல் மூடிவிடும். எந்த அரசு ஆண்டாலும், யாரோ ஏறி வந்து சுத்தம் செய்துகொண்டே இருந்திருக்கிறார்கள். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இது மல்யுத்தமும் பாலாடைக்கட்டியை உருட்டி ஓடும் பந்தயமுமாகத் திருவிழாவாகவே நடந்தது. இப்போது தன்னார்வலர்கள் சுத்தியலோடு வந்து புதுச் சுண்ணக்கல்லை இடித்து இறுக்குகிறார்கள்.