பழைய டிவி கேம், புதிய சில்லு: வாங்கலாமா?

முழுப் பரீட்சை முடியும் சமயத்தில் வேலூர் காந்தி ரோடு, லாங்கு பஜார் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஒரு சரக்கு முன்வரிசைக்கு வந்துவிடும். பார்க்க அந்தக் காலத்து டிவி கேம் போலவே இருக்கும். பின்னால் மட்டும் எச்.டி.எம்.ஐ. "பத்தாயிரம் கேம் இருக்கு சார், டிவில சொருகினா போதும்" என்பார் கடைக்காரர். பையனை விட அப்பாதான் அதிக நேரம் அந்தப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை என்று நம் ஊரைக் கேலி செய்ய ஒரு பட்டியல் உண்டே, இந்தப் பெட்டியையும் அதில் சேர்க்கலாம். உருவம் பழசு, உள்ளே பழைய சில்லு கிடையாது.

மஞ்சள் கேசட்டை ஊதி ஊதிப் போட்டு நாம் ஆடிய பெட்டிகளில் பெரும்பாலானவை, 1983-இல் நிண்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள். அந்த மூலப்பெட்டியின் மூளை நொடிக்குச் சுமார் 17.9 லட்சம் முறை துடிக்கும். வேலை நினைவகம் 2 கிலோபைட். இந்தக் கட்டுரையின் எழுத்துகள் கூட அதில் அடங்காது. 2016-இல் நிண்டெண்டோவே அதைக் குட்டியாக்கி, 30 கேம்களோடு மறுபடி விற்றது. பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது, மலிவு விலை டேப்லட்டுக்குப் போதுமான ஒரு நாலு கோர் சில்லும் லினக்ஸ் இயங்குதளமும்தான். பழைய பெட்டியாக நடிப்பது எமுலேட்டர் என்ற மென்பொருள். கேமில் உள்ள கட்டளையை ஒவ்வொன்றாக எடுக்கும், பழைய சில்லு இதற்கு என்ன செய்திருக்கும் என்று பார்க்கும், அதே விளைவைத் தன் வழியில் கொண்டுவரும்.

இன்றைய சில்லுக்கு வேகம் ஒரு பொருட்டே இல்லை. நேரக்கணக்குதான் பாடாய்ப் படுத்தும். பழைய பெட்டியில் கணக்குப் போடும் சில்லும் படம் வரையும் சில்லும் ஒரே சமயத்தில் தனித்தனியாக ஓடின. ஜப்பானிய மாடலில் முதல் சில்லு ஒருமுறை துடிப்பதற்குள் இரண்டாவது மூன்று புள்ளிகள் முன்னேறியிருக்கும். கேம் எழுதியவர்கள் இந்தக் கணக்கை நம்பியே வித்தை காட்டினார்கள். மாரியோவில் மேலே ஸ்கோர் அசையாமல் நிற்கும், கீழே தரை மட்டும் நகரும், கவனித்திருப்பீர்கள். திரையில் ஸ்கோர் பகுதி வரைந்து முடியும் கணத்தைக் கச்சிதமாகப் பிடித்து, அதற்குப் பிறகுதான் படத்தை நகர்த்துகிறது அந்த கேம். ஒரே மென்பொருள் இரண்டு சில்லுகளாகவும் மாறி மாறி நடிக்கும்போது அந்தக் கணம் தவறினால் ஸ்கோர் பட்டை நடுங்கும்.

குறைகளையும் சேர்த்துத்தான் நடிக்க வேண்டும். ஃபேமிகாமில் ஒரு கிடைவரியில் நகரும் உருவங்கள் எட்டுக்கு மேல் தெரியாது. ஒன்பதாவது வந்தால் மறைந்துபோகும். அதனால் கேம்கள் உருவங்களின் வரிசையை மாற்றிக்கொண்டே இருக்கும்; எதிரிகள் கூடும்போது எல்லாம் மினுக்கும். அந்த மினுக்கல் இல்லாவிட்டால் எனக்கு என்னவோ போல் இருக்கிறது.

எஃப்.பி.ஜி.ஏ என்று இன்னொரு வழியும் உண்டு. அதில் சில்லின் உள்சுற்றுகளையே பழைய சில்லின் அமைப்புக்கு மாற்றிக்கொள்ளலாம், எல்லாம் பழையபடி ஒரே சமயத்தில் ஓடும். நல்ல சரக்கு, விலையும் அப்படியே. வெறும் ஞாபகத்துக்காக வாங்குபவருக்கு அது தேவையில்லை.

ஆட்டம் கெடுவது பெரும்பாலும் தாமதத்தால்தான். பழைய பெரிய டிவி, சிக்னல் வர வர அப்படியே திரையில் வரைந்துவிடும். இப்போது வயரில்லா ரிமோட், எமுலேட்டர், டிவிக்குள் படத்தை மெருகேற்றும் வேலை என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் நேரத்தைத் தின்கிறது. அந்த மெருகேற்றலைக் குறைக்கும் செட்டிங்குக்கு கேம் மோட் என்று பெயர்; அதைப் போடாவிட்டால் சில டிவிகள் தம் பங்குக்கே 100 மில்லிசெகண்டு வரை எடுத்துக்கொள்ளும். நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படம், ஓடும் கேமில் அது ஆறு ஃபிரேம். மாரியோ முழு வேகத்தில் ஓடினால் ஒரு ஃபிரேமுக்கு இரண்டரைப் புள்ளி நகர்வான். ஆறு ஃபிரேமில் 15 புள்ளி. தரையில் ஒரு கட்டையின் அகலமே 16 புள்ளிதான். பள்ளத்தின் விளிம்பில் நீங்கள் சரியாகத்தான் அழுத்துகிறீர்கள், அவன் விழுந்துவிடுகிறான். "வயசாயிடுச்சுப்பா உனக்கு" என்று பிள்ளை சொன்னால் நம்பாதீர்கள், டிவி செட்டிங்கைப் பாருங்கள்.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். போனில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷன் இருந்தால், பட்டனும் திரையும் ஒன்றாகத் தெரியும்படி வீடியோ எடுங்கள். விரல் அழுந்தியதற்கும் மாரியோ குதிப்பதற்கும் நடுவே எத்தனை படம் என்று எண்ணுங்கள். ஒரு படம் நான்கு மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேல்.

அட்டையில் போட்டிருக்கும் ‘4கே’வுக்கு மயங்க வேண்டாம். பழைய படத்தில் 240 வரிகள்தான். 720 வரி டிவிக்கு மூன்று மடங்கு, 4கே டிவியின் 2160-க்கு ஒன்பது மடங்கு, கச்சிதமாகப் பொருந்தும். 1080-க்கு நாலரை மடங்கு! சில வரிகள் நான்காகவும் சில ஐந்தாகவும் நீளும். படம் மேலும் கீழும் நகரும்போது அலைபாயும். துப்பாக்கி வைத்து வாத்து சுடும் ஆட்டமும் புது டிவியில் நடக்காது. துப்பாக்கியில் இருப்பது ஒளியை உணரும் கண். விசையை அழுத்தியதும் திரை கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாகும். அந்த வெளிச்சம் உடனே வரும் என்று அது எதிர்பார்க்கும். புது டிவியில் வெளிச்சம் தாமதமாக வரும்.

சரி, வாங்கலாமா? பத்தாயிரம் கேம் பெட்டியையோ, அதையே டிவியில் நேராகச் சொருகும் குச்சியாக விற்பதையோ நான் வாங்கமாட்டேன். ஒரே கேம் நாலு பெயரில் இருக்கும், பெரும்பாலானவற்றுக்கு உரிமமும் இருக்காது. பெரிய பிராண்டு என்பதும் உத்தரவாதம் அல்ல. சோனி 2018-இல் 100 டாலருக்கு விட்ட பிளேஸ்டேஷன் கிளாசிக்கில் 20 கேம்களில் 9, நொடிக்கு 60-க்குப் பதில் 50 படம் ஓடும் ஐரோப்பிய வடிவம். ஆடியவர்கள் திட்டித் தீர்த்தார்கள். நிண்டெண்டோவின் குட்டிப் பெட்டி நல்ல நிலையில், நியாயமான விலையில் கிடைத்தால், உங்கள் டிவியில் கேம் மோடும் இருந்தால், தாராளமாக வாங்கலாம். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய லேப்டாப்பும் இதே வேலையைச் செய்யும் என்பதையும் மனதில் வையுங்கள்.

அப்படியும் பிள்ளை அடம்பிடித்துக் குச்சிதான் வாங்க நேர்ந்தால், அதை டிவியின் முதுகில் நேராகச் சொருகாதீர்கள். கத்திரியில் வேலூரில் வெளியிலேயே 40 டிகிரியைத் தாண்டும்; டிவியின் சூட்டோடு காற்றில்லாத பிளாஸ்டிக் கூட்டுக்குள் சில்லு வெந்து, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். முதலில் பாட்டு கரகரக்கும், அப்புறம் ஆட்டம் இழுக்கும். ஒரு சின்ன எச்.டி.எம்.ஐ நீட்டிப்பு வயர் போட்டு வெளியே தொங்கவிட்டால் போதும்.