“யார் பார்த்துக்கிட்டு இருந்தது?”

தேனி மாவட்டம் கம்பம் ஊரில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிறவன் நான். அடிபட்டோ, சுட்டுக்கொண்டோ, எதையாவது விழுங்கியோ ஒரு பிள்ளை வந்தால் கூடவே நாலைந்து பெரியவர்கள் வருவார்கள். என்ன ஆச்சு என்று நான் கேட்பதற்குள் அவர்களுக்குள் ஒரு விசாரணை நடந்து முடிந்திருக்கும். “யார் பார்த்துக்கிட்டு இருந்தது?” ஆட்டோவில் ஏறும்போதே அது ஆரம்பித்துவிடும். பதில் சொல்ல வேண்டியவர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓரமாக நிற்பார். நடந்ததைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் அவர்தான். எனக்கு அவர் பேச வேண்டும். வீட்டார் முதலில் அடைப்பது அவர் வாயைத்தான்.

எங்கள் பக்கத்து வாழ்க்கை இதை இன்னும் சிக்கலாக்குகிறது. விடிவதற்குள் ஜீப்புகள் ஆட்களை ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டி கேரளத்துக் குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் மலையேறிவிடும். ஏலத்தோட்டத்தில் காய் எடுக்க, களை எடுக்க, மருந்தடிக்க. தாயும் தகப்பனும் சேர்ந்து போகிற வீடுகளில் பிள்ளை அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ இருக்கும். சிலர் வண்டன்மேடு, வண்டிப்பெரியாறு பக்கம் தங்கி வேலை பார்த்துவிட்டு வாரக் கடைசியில்தான் இறங்குவார்கள். ஆக, விபத்தின்போது பக்கத்தில் இருந்தவர் ஒருவர், போனில் கேட்டுப் பதறி ஓடி வருகிறவர் இன்னொருவர், டாக்டரிடம் கதை சொல்கிறவர் மூன்றாமவர். நடுவில் விஷயம் மாறிப்போகும். யாரும் கெட்ட எண்ணத்தில் மாற்றுவதில்லை. மருமகள் இனி பிள்ளையை விட்டுட்டுப் போக மாட்டாளோ என்கிற பயம், அவ்வளவுதான்.

ஒரு சின்ன விஷயத்தைச் சொல்கிறேன் (ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்). இரண்டு வயதுப் பெண் குழந்தை. இடது கையை உடம்போடு ஒட்டி, முழங்கையை லேசாக மடக்கி வைத்திருந்தாள். அந்தக் கைப்பக்கம் பொம்மையை நீட்டினால் வலது கையால் எட்டி வாங்கினாள். “கட்டில்லேருந்து விழுந்துட்டா” என்றார்கள். வீக்கம் இல்லை, கன்றிப்போகவும் இல்லை. விழுந்தது என்றால் எலும்பு முறிவை யோசிக்க வேண்டும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எழுதப் போகும்போதுதான் வாசல் பக்கம் நின்றிருந்த சித்தப்பா மெல்ல வந்தார். “விழுகல சார். நான்தான் கையப் பிடிச்சுத் தூக்கிச் சுத்துனேன்.”

அது போதும். ஒன்றிலிருந்து நான்கு வயது வரை அடிக்கடி பார்க்கிற விஷயம் இது. கையைப் பிடித்துச் சுண்டி இழுக்கும்போது முழங்கையில் எலும்பின் தலையைச் சுற்றி இருக்கிற தசைநார் வழுக்கி நடுவில் மாட்டிக்கொள்ளும். முழங்கையைத் தாங்கிப் பிடித்து, உள்ளங்கை தரையைப் பார்க்கும்படி திருப்பினேன். விரலுக்கடியில் சின்னதாக ஒரு ‘டக்’. ஒரு வீறிட்ட அழுகை. பத்து நிமிடத்தில் அதே கையால் பிஸ்கட் வாங்கித் தின்றாள். எக்ஸ்ரே வேண்டியிருக்கவில்லை. (படித்துவிட்டு வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். உண்மையிலேயே முறிவாக இருந்தால் கதை வேறாகிவிடும்.)

இது சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போன கதை. எல்லாம் அப்படி முடிவதில்லை. வாரக்கணக்கில் இளைப்பு என்று ஒரு பையன் வருவான். மூக்கில் மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுப்பார்கள், குடிக்க மருந்து கொடுப்பார்கள், இரண்டு நாள் குறையும், மறுபடி வரும். நெஞ்சில் வைத்துக் கேட்டால் ஒரு பக்கம் மட்டும் காற்று குறைவாகப் போகும். இருமல் எப்படி ஆரம்பித்தது, மெதுவாகவா, திடீரென்றா என்று திரும்பத் திரும்பக் கேட்டால், கடைசியில் அப்பத்தா சொல்வார்: “கடலை உரிச்சுக்கிட்டு இருந்தேன். ரெண்டு எடுத்து வாயில போட்டான். புரையேறிக் கண்ணெல்லாம் செவந்துபோச்சு. அப்புறம் சரியாப்போச்சு.”

சரியாகவில்லை. அந்தக் கடலை மூச்சுக்குழாயைத் தாண்டி நுரையீரலுக்குப் போகிற கிளை ஒன்றில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. அது உள்ளே போய் அமர்ந்ததும் இருமல் அடங்கிவிடும், பிள்ளையும் விளையாடப் போய்விடும். நிலக்கடலை எக்ஸ்ரேயில் தெரியாது. அந்தப் புரையேறிய நிமிடத்தை யாராவது சொன்னால்தான் எங்களுக்குச் சந்தேகமே வரும். அதற்குப் பிறகு தேனிக்கோ மதுரைக்கோ அனுப்பி, மயக்கம் கொடுத்து, குழாய் விட்டு எடுக்க வேண்டும். அன்றைக்கே வந்திருந்தால் வேலை சுலபம். நாளாக ஆக கடலை ஊறிப்போகும், சுற்றிலும் புண்ணாகும், சளி கட்டும். நான்கு வயது வரை முழுக் கடலை, பொட்டுக்கடலை, கொட்டையுள்ள பழம் கொடுக்க வேண்டாம் என்று வருகிற எல்லாரிடமும் சொல்கிறேன். பன்னீர் திராட்சை விளைகிற ஊர் இது. திராட்சையையும் நீளவாக்கில் நறுக்கி, விதை எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். ‘எங்க காலத்துல’ என்று ஆரம்பிக்கும் பதில்களை நிறையக் கேட்டிருக்கிறேன்.

தொண்டையில் அடைத்துவிட்டால், பிள்ளை சத்தமாக இருமுகிற வரை இருமட்டும் என்று விடுங்கள். சத்தம் வரவில்லை, அழ முடியவில்லை, உதடு நீலமாகிறது என்றால்தான் கை வைக்க வேண்டும். ஒரு வயதுக்குள் என்றால் முன்கையில் குப்புறப் போட்டு, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து தட்டு. பிறகு மல்லாத்தி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஐந்து அழுத்து. மாற்றி மாற்றி. ஒரு வயதைத் தாண்டியதென்றால் முதுகில் ஐந்து தட்டிவிட்டு, பின்னால் இருந்து கட்டிப் பிடித்து, தொப்புளுக்கு மேலே கைமுஷ்டியை வைத்து உள்ளேயும் மேலேயுமாக ஐந்து தடவை இழுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத பொருளுக்காக வாய்க்குள் விரலை விட்டுத் துழாவாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும்.

எனக்கு வேண்டிய கேள்விகள் மூன்றுதான். என்ன, எப்போது, எவ்வளவு. ‘யார்’ என்பது அந்த வரிசையில் வராது.

தோட்டத்து மருந்தில் இந்த மூன்றும் உயிர் விஷயம். மீதமான பூச்சிமருந்தைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்து வாசல் மாடத்தில் வைக்கிற பழக்கம் இங்கே இன்னும் போகவில்லை. பிள்ளைக்கு அது கலர்தான். பல பூச்சிமருந்துகள் குடித்த கொஞ்ச நேரத்தில் எச்சில் ஒழுகும், வேர்க்கும், கண்பாவை ஊசிமுனையாகச் சுருங்கும். அதற்கு மாற்று மருந்து உண்டு. என்ன மருந்து என்று தெரிந்தால் தேடுகிற நேரம் மிச்சம். அசல் டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஒரு முக்கோணம் அச்சிட்டிருப்பார்கள். சிவப்பு கடுமையான விஷம், பச்சை வீரியம் குறைந்தது. டப்பாவைக் கையோடு எடுத்து வாருங்கள், முடியாவிட்டால் போட்டோ எடுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். உடம்பில் கொட்டியிருந்தால் துணியைக் கழற்றி சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள்.

மண்ணெண்ணெயும் அப்படித்தான். வாந்தி எடுக்க வைத்தால் அது வயிற்றிலிருந்து நுரையீரலுக்கு ஏறும், ஆபத்தே அதில்தான். குடித்தபோது நன்றாக இருந்த பிள்ளைக்குச் சில மணி நேரம் கழித்து மூச்சு வாங்கலாம். அதனால்தான் விளையாடிக்கொண்டிருந்தாலும் ஆறு மணி நேரமாவது இருக்கச் சொல்கிறோம்.

பட்டன் பேட்டரி இன்னொரு ரகம். ரிமோட்டிலும் சத்தம் போடுகிற பொம்மையிலும் இருக்கிற அந்த வட்டம் உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்தில் அரித்துப் புண்ணாக்கிவிடும். எக்ஸ்ரேயில் காசு போலத் தெரியும், ஓரத்தில் இரட்டை வளையம் இருக்கும். ‘மலத்துல வந்துடும்’ என்று வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளை, விழுங்கிச் சில மணி நேரத்துக்குள் என்றால், வண்டியில் வரும்போதே பத்து நிமிடத்துக்கொரு தடவை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், ஆறு தடவை வரை. தேன் தேடிக் கடைக்கு ஓட வேண்டாம், வண்டியை நிறுத்தவும் வேண்டாம்.

சுட்ட புண்ணோடு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேரின் தோலை டூத்பேஸ்ட்டுக்கு அடியில்தான் தேட வேண்டியிருக்கிறது. பேஸ்ட், இங்க், காப்பித்தூள், மாவு எதுவும் வேண்டாம். ஐஸும் வேண்டாம். குழாய்த் தண்ணீர் இருபது நிமிடம் ஓடட்டும். சுட்டு மூன்று மணி நேரம் வரை இதற்குப் பலன் உண்டு. வளையல், அரைஞாண் எல்லாம் வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். சின்னப் பிள்ளைக்குக் குளிர் ஏறிவிடும், ஆகவே சுட்ட இடத்தில் மட்டும் தண்ணீர், மற்ற உடம்பைப் போர்த்துங்கள்.

தூளியிலிருந்தோ திண்ணையிலிருந்தோ விழுந்து தலையில் அடிபட்டால் எல்லாருக்கும் ஸ்கேன் தேவையில்லை. நினைவு தப்பியதா, திரும்பத் திரும்ப வாந்தியா, எழுப்பினால் எழாத தூக்கமா, வலிப்பா, மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல வடிகிறதா என்று பார்ப்போம். இரண்டு வயதுக்குள் என்றால் மூன்றடிக்கு மேலிருந்து விழுந்ததா, நெற்றியைத் தவிர்த்து மற்ற இடத்தில் மெத்தென்ற வீக்கமா என்றும் பார்ப்போம். இங்கேயும் பாருங்கள், ‘கட்டிலிலிருந்து’ என்று சொல்வதும் ‘மாடிப்படியிலிருந்து’ என்று சொல்வதும் ஒன்றல்ல. பயத்தில் உயரத்தைக் குறைத்துச் சொல்கிறவர்கள் உண்டு, சீக்கிரம் பார்க்கட்டும் என்று கூட்டிச் சொல்கிறவர்களும் உண்டு.

பெரியவர்கள் மட்டுமா மறைக்கிறார்கள்? தெரு நாய் கீறியதைத் திட்டுக்குப் பயந்து சொல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். வெறிநாய்க்கடி நோய் வெளியே தெரிந்துவிட்டால் காப்பாற்ற வழி கிட்டத்தட்ட இல்லை. வருவதற்கு முன் தடுக்க முழு வழி உண்டு. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், மஞ்சளும் மிளகாய்த்தூளும் வைக்கக் கூடாது. அன்றைக்கு ஒன்று, பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில் தடுப்பூசி. ரத்தம் வரக் கடித்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடுகிற இன்னொரு ஊசியும் உண்டு. முதல் ஊசி குமுளிப் பக்கம் போட்டிருந்தால் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு மீதியை இங்கே போட்டுக்கொள்ளலாம், எல்லை தாண்டினோம் என்று நடுவில் விடக் கூடாது. ‘நாய் சும்மா நக்கினாக்கூட எங்கிட்ட சொல்லு, திட்ட மாட்டேன்’ என்று சொல்லி வையுங்கள். சொன்ன பிறகு திட்டாமலும் இருக்க வேண்டும்.

அடுத்த பயம் போலீஸ். விஷம், தீக்காயம், சாலை விபத்து என்று வந்தால் ஏ.ஆர். (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேடு) போடுவார்கள், காவல் நிலையத்துக்குத் தகவலும் போகும். அது பதிவு, குற்றச்சாட்டு இல்லை. அதற்குப் பயந்து ‘தானா காய்ச்சல் வந்தது’ என்று சொன்னால் பிள்ளைக்குத்தான் நஷ்டம். தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்த சாலை விபத்து என்றால், 2021 டிசம்பரில் வந்த ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். கேரளத்திலிருந்து வந்தவருக்கும் அது பொருந்தும். 108 இரண்டு மாநிலத்திலும் ஓடுகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எல்லாக் காயமும் விபத்து இல்லை. இன்னும் தவழாத கைக்குழந்தையின் உடம்பில் கன்றிய தடம் இருந்தால், சொல்கிற கதையும் காயமும் ஒட்டாமல் போனால், நாங்கள் கூடுதலாகக் கேட்போம், குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்ல வேண்டியும் வரும். கேட்கிறோம் என்பதாலேயே உங்களைச் சந்தேகப்படுகிறோம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காயம் ஆறிய பிறகுதான் வீட்டில் நிஜமான கஷ்டம் ஆரம்பிக்கிறது. விழுந்த பிள்ளையைச் சமாதானப்படுத்தத் தரையை அடிக்கிற குடும்பம் நம்முடையது. தரைக்கு வலிக்காது, சரி. ஆனால் அடிக்க ஆள் தேடுகிற அந்தக் கை அதோடு நிற்பதில்லை. அடுத்து அக்காவிடம் போகும். தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஏழு வயதுப் பெண்ணிடம் விட்டுவிட்டுப் போவார்கள், அவன் வெந்நீரை இழுத்துக் கொட்டிக்கொண்டால் அவளுக்கு அடி விழும். ஏழு வயதுக்கு அது முடியாத வேலை. அந்தப் பெண் பல நாள் சாப்பிடாமல் இருந்ததை, தம்பி பக்கமே போகாமல் இருந்ததை அம்மாக்கள் பிறகுதான் கவனித்துச் சொல்வார்கள். அவளைத் தனியாக உட்கார வைத்து, ‘இது உன் தப்பு இல்ல, உன்கிட்ட விட்டது எங்க தப்பு’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு தடவை சொன்னால் போதாது.

அடிபட்ட பிள்ளை படுக்கையில் மூத்திரம் போகலாம், தூக்கத்தில் வீறிடலாம், விபத்தையே திரும்பத் திரும்ப விளையாடலாம். சில வாரங்களில் அது தணியும். தணியாமல் ஒரு மாதம் தாண்டினால் கூட்டி வாருங்கள். அம்மாக்களுக்கும் இதே கணக்குதான். தோட்டத்தில் நின்று போனில் செய்தி கேட்ட அம்மா, அந்த ரிங்டோன் அடித்தாலே நடுங்குகிறேன் என்பார். வேலைக்குப் போகாமல் பிள்ளையை இடுப்பிலிருந்து இறக்காமல் இருப்பார். தூக்கம் போய், சாப்பாடு போய், நான் உசிரோட இருந்து என்ன என்கிற பேச்சு வந்தால் காத்திருக்க வேண்டாம். மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் செய்தால் எந்த நேரமும் தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது. அந்தப் போனை அப்பத்தாவும் செய்யலாம். பல வீடுகளில் அவர்தான் முதலில் செய்ய வேண்டியவர், அவரிடம்தான் யாரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருக்க மாட்டார்கள்.