சிட்டிசன் சயின்ஸ்: குடியா, மக்களா?

விண்வெளியில் பயிர் வளர்ப்பது பற்றிய செய்திகளில் ‘சிட்டிசன் சயின்ஸ்’ என்ற தொடர் அடிக்கடி தலைகாட்டுகிறது. தமிழில் இதைக் குடிமக்கள் அறிவியல் என்கிறார்கள்; மக்கள் அறிவியல் என்பாரும் உண்டு, குடிமை அறிவியல் என்று எழுதுவோரும் உண்டு. மூன்றும் ஒன்றல்ல.

ஆராய்ச்சியைத் தொழிலாகக் கொள்ளாதவர்கள் ஓர் ஆய்வுக்கு வேண்டிய தரவுகளை முறைப்படி திரட்டித் தருவதே இதன் பொருள். வேலை பழையது: 1900ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் வட அமெரிக்காவில் தொடங்கிய பறவைக் கணக்கெடுப்பு இன்றும் நடக்கிறது. பெயர் பரவியது 1990களின் நடுவில்தான். பிரிட்டனில் சமூகவியலாளர் ஆலன் இர்வினும் அமெரிக்காவில் ரிக் போனியும் தனித்தனியே இதைக் கையாண்டார்கள். அறிவியல் மக்களின் கவலைகளுக்குச் செவிகொடுக்க வேண்டும், மக்களிடமும் அறிவு உண்டு என்பது இர்வின் கருத்து. போனி பறவை ஆய்வகத்துக்காரர். பொதுமக்கள் தரவு திரட்டுவதையே அவர் குறித்தார். இன்று பெரும்பாலும் வழங்குவது போனியின் பொருள்.

விண்வெளிப் பயிர் ஆய்வில் இது எப்படி நடக்கிறது? ராக்கெட் என்றே பெயர் கொண்ட ஒரு கீரை உண்டு. (பறக்கும் ராக்கெட்டுக்கும் இதற்கும் உறவில்லை, கீரையின் பெயர் லத்தீனிலிருந்து வந்தது, மற்றது நூல் நூற்கும் கழியைக் குறித்த இத்தாலியச் சொல்.) இதன் விதை 2 கிலோ 2015இல் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய், ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பியது. பிரிட்டன் பள்ளிகளுக்குச் சிவப்பு, நீலம் என இரண்டு பொட்டலங்கள் வந்தன. எது விண்வெளி போய்வந்தது என்று யாருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், விண்வெளி விதைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் கூடுதலாக ஊற்றாத குழந்தை ஏது?

விதைப்பதைவிட எண்ணுவதுதான் சிக்கல். தோல் வெடித்து, வெள்ளையாக முளைவேர் நுனி மட்டும் தெரிகிறது. அது முளைத்த கணக்கில் சேருமா? விதையிலை மண்ணுக்கு மேல் வந்தால்தான் சேருமா? ஒரு வகுப்பு ஒன்றை எண்ணி, அடுத்த வகுப்பு மற்றொன்றை எண்ணினால் எல்லாம் வீண். எதை, எந்த நாளில் எண்ணுவது என்று எல்லோருக்கும் ஒரே விதி இருந்தால்தான் அது அறிவியல். இல்லாவிட்டால் தோட்ட வேலை. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இந்தத் திட்டத்தில் பங்கேற்றார்கள். விண்வெளி விதைகள் சற்று மெதுவாக வளர்ந்தன, ஆனாலும் பயிராகின்றன என்பது முடிவு.

இதற்கு முன்னோடியும் உண்டு. 1984இல் 1 கோடியே 25 லட்சம் தக்காளி விதைகள் ஒரு செயற்கைக்கோளில் ஏறின. சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்த விபத்தால் மீட்பது தள்ளிப்போய், 1990இல்தான் தரையிறங்கி மாணவர்கள் கைக்கு வந்தன. விண்வெளி நிலையத்தின் ‘வெஜ்ஜி’ என்னும் வளர்ப்புப் பெட்டியோ கைப்பெட்டி அளவுதான். ஆறு செடிதான் கொள்ளும். நூறு ரகங்களை அங்கே சோதித்துப் பார்க்க முடியாது. அதனால் 2015 முதல் புளோரிடாவின் ஃபேர்சைல்டு தாவரவியல் பூங்காவும் நாசாவும் சேர்ந்து, அதேபோன்ற பெட்டிகளைப் பள்ளிகளில் வைத்து மாணவர்களிடம் ரகங்களைச் சலித்தெடுக்கச் சொல்கின்றன. அப்படித் தேறிய குட்டை ரகப் பாக் சோய்க் கீரை விண்வெளி நிலையத்திலும் வளர்க்கப்பட்டது.

இனி தமிழுக்கு வருவோம். ‘மக்கள் அறிவியல்’ வேண்டாம் என்பேன். அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்லும் இயக்கத்துக்கு அந்தப் பெயர் முன்பே வழங்கிவிட்டது. அங்கே அறிவு மக்களை நோக்கிப் போகிறது, இங்கே தரவு மக்களிடமிருந்து வருகிறது. ‘குடிமை’ என்றால் குடிமைப் பொருள், குடிமைப் பணி என்று அரசு நிர்வாக வாசம் அடிக்கிறது.

‘குடிமக்கள்’ மீதும் குறை சொல்லலாம். குடியுரிமை இல்லாதவருக்கு இடமில்லையா என்ற கேள்வி ஆங்கிலத்திலேயே எழுந்து, சில அமைப்புகள் ‘சிட்டிசன்’ என்பதைக் கைவிட்டுவிட்டன. லத்தீன் வழியில் சிட்டிசன் என்பவர் நகரவாசி. தமிழ்க் குடியோ நகரத்தைக் கேட்பதில்லை. குடியிருப்பு, குடும்பம், குலம் எல்லாம் அதில் அடங்கும். குடியானவர் என்றால் உழவர், குடிவாரம் என்றால் விளைச்சலில் உழுதவருக்குரிய பங்கு. பயிர் ஆய்வுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. ஆகவே குடிமக்கள் அறிவியலே இருக்கட்டும். ஒருமையில் ‘குடிமகன் அறிவியல்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மதுக்கடை நினைவு வந்துவிடும்.

‘சிட்டிசன் சயின்டிஸ்ட்’ என்ற ஆளுக்குக் ‘குடிமக்கள் அறிவியலாளர்’ என்பது நாக்கில் சிக்குகிறது. ‘பங்கேற்பாளர்’ மிகப் பொதுவானது. நான் ‘தன்னார்வ ஆய்வர்’ என்று எழுதிவருகிறேன். விதையை எண்ணும் பத்து வயதுச் சிறுமிக்கும் அது பொருந்துகிறது.