நியூரான்னா நரம்பணு, சரி, நரம்புன்னா என்னங்க?

எங்க அப்புச்சி சென்னிமலைப் பக்கம் நாப்பது வருசம் விசைத்தறி ஓட்டுனவரு. போன மாசம் காது டெஸ்ட் எடுத்தோம், ரிப்போர்ட்ல 'சென்சரிநியூரல்'னு போட்டிருந்துச்சு, டெஸ்ட் எடுத்த பொண்ணு "காது நரம்பு வீக்குங்க"ன்னு ஒத்த வரில முடிச்சுட்டாங்க. நியூரல், நியூரான்... பஸ்ஸுல வர்றப்ப பூரா அதே யோசனை.

நியூரான் கிரேக்கச் சொல்லு. அங்க மொதல்ல தசைநார், நாண் இப்படித்தான் அர்த்தம். 1891ல வால்டையர்ங்கற ஜெர்மன்காரர்தான் நரம்பு செல்லுக்கு இந்தப் பேர வெச்சாரு. தமிழ்ல நம்ம ஸ்கூல் புக்குல நியூரான், நரம்பு செல் ரெண்டும் இருக்கு, இலங்கைல நரம்புக்கலம்னு எழுதுவாங்க. என் ஓட்டு நரம்பணுவுக்கு. அணுன்னா 'ஆட்டம்' (atom) ஆச்சேன்னு சண்டைக்கு வர்றவங்க செல்லுக்கு உயிரணுன்னு மட்டும் கூசாம எழுதறாங்க, அது என்ன நியாயமோ.

ஆனா ருசியே நரம்புங்கற சொல்லுலதான். பழைய தமிழ்ல அது யாழோட தந்தியும்கூட, தொல்காப்பியம் இசை நூலையே 'நரம்பின் மறை'ன்னு சொல்லுது. காதுக்கு இது அப்படியே பொருந்துதுங்க. உள்ள நத்தை மாதிரி சுருண்டிருக்கற காக்ளியாவ நீட்டுனா 35 மில்லிமீட்டர்தான் வரும், அதுலிருந்து மூளைக்குப் போற நரம்பிழை ஏறக்குறைய 30,000, ஒவ்வொண்ணுக்கும் ஒரு சுதி உண்டு, அந்தச் சுதி வந்தா சன்னமான சத்தத்துக்கே துடிச்சிரும். கீச்சுச் சத்தம் வாசப்பக்கம், கட்டைச் சத்தம் சுருளோட உள் நுனில.

'தட்டு'ன்னு சொல்லிப் பாருங்க. த-வோட வெடிப்பு கண்ணு மூடித் தெறக்கறதுக்குள்ள முடிஞ்சிரும், அதுல நெறைய சங்கதி மேல் சுதிலதான் இருக்கு. அடுத்து அ, கட்டைச் சுதி இழையெல்லாம் தாளம் தப்பாம துடிக்கும். ட்ட-ல நாக்கு அண்ணத்துல ஒட்டி அடைக்கறப்ப துடிப்பு தணியும், விட்டதும் மறுபடி ஒரு பாய்ச்சல். இதெல்லாம் மூளைல நெத்திப்பொட்டுப் பக்கம் இருக்கற மடிப்புக்குப் போனா கதையே வேற, அங்க 2014ல வந்த ஒரு ஆய்வு, வலிப்பு ஆபரேசனுக்காக மூளை மேல மின்முனை வெச்சிருந்தவங்ககிட்ட பண்ணுனது, த, ட மாதிரி வெடிப்பொலிக்கு ஒரு எடம், ஸ, ஷ மாதிரி உரசொலிக்கு ஒரு எடம், ந, ம மாதிரி மூக்கொலிக்கு ஒரு எடம்னு பிரிஞ்சு துடிக்கறதக் காட்டுச்சு. வல்லினம் மெல்லினம்னு மனப்பாடம் பண்ணுனது ஞாபகம் வருதுங்களா? ரெண்டும் ஒண்ணேன்னு அடிச்சு விடாதீங்க, ஆனா பிரிக்கற புத்தி ஒரே ஜாடை.

அப்புறம் அந்த 'நரம்பு வீக்'. சத்தத்துல பெரும்பாலும் அடி வாங்கறது நரம்பணு இல்லீங்க, அதுக்கு முன்னாடி நிக்கற மயிர்ச்செல்லு, அதுலயும் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கறது. சென்சரிங்கறது அந்தப் பாதி. செல்லு போனா அந்தச் சுதி நரம்புக்குத் தட்டுறதுக்கு ஆளில்ல.

நேத்து ராத்திரி சாப்பாட்டுக்கு "அப்புச்சி, தட்டு எங்கீங்க?"ன்னேன். அவரு மூலைல கெடந்த நூல் கட்டக் கைகாட்டுனாரு.