‘ரோமானியத் தாயத்து’ வாங்கப் போகிறீர்களா? காரட் மீட்டரை நம்பாதீர்கள்

மதிப்பீட்டுக்கு என்னிடம் வரும் நகைகளில், ஆன்லைன் ஏலத்தில் எடுத்த ‘ரோமானியக் காலத் தங்கத் தாயத்து’கள் இப்போது அடிக்கடி தலைகாட்டுகின்றன. கொண்டு வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் சொல்வது, “காரட் மீட்டர்ல வச்சுப் பார்த்துட்டோம் சார், 22க்கு மேல காட்டுது” என்பதுதான். சரி, தங்கம் நல்ல தங்கம், அவ்வளவுதான். ரோமானியர்கள் நல்ல மாற்றுள்ள தங்கத்தில் நகை செய்தார்கள் என்பது போலி செய்கிறவனுக்கும் தெரியும்.

அதிகம் வருவது புல்லா. குழிந்த இரண்டு தகடுகளைச் சேர்த்த கூடு, உள்ளே கண்ணேறு படாமல் காக்க ஏதாவது வைத்திருப்பார்கள். ரோமானியக் குடிமகனின் மகன் அதைக் குழந்தைப் பருவத்திலிருந்தே கழுத்தில் போட்டிருப்பான். வளர்ந்து பெரியவர்களின் டோகா உடுத்தும் நாளில் கழற்றி, வீட்டுத் தெய்வங்களான லாரெஸுக்குப் படைத்துவிடுவான். வசதி இல்லாத வீட்டில் அதே புல்லா தோலில். பெண் குழந்தைகளுக்கு லூனுலா என்ற பிறை. அப்புறம் ஆண்குறி வடிவ ஃபாசினும். சிரிக்க வேண்டாம், கைக்குழந்தைக்கு மட்டுமல்ல, வெற்றி ஊர்வலத் தேரில் வரும் தளபதிக்கும் அதுதான் காவல் என்று ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதியிருக்கிறார். எனக்குப் பிடித்தது வேறொன்று: 2003இல் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில், பில்லிங்ஃபோர்டில் கிடைத்த சிறு தங்கத் தகடு. டைபீரியஸ் கிளாடியஸ் சிமிலிஸ் என்பவருக்கு உடல்நலமும் வெற்றியும் கொடு என்று அதில் எழுதியிருக்கிறது, ஆளை அடையாளம் காட்டுவது தாயின் பெயரைச் சொல்லி.

போலியைப் பிடிக்க நான் முதலில் லென்ஸை வைப்பது கம்பியில். அன்றைய கம்பி பெரும்பாலும் தகட்டை அல்லது சிறு தண்டை முறுக்கி, உருட்டி எடுத்தது, அதனால் மேலே திருகுபோல் ஒரு கோடு சுற்றிக்கொண்டே போகும். இன்றைய கம்பியைத் துளையில் இழுத்து எடுக்கிறோம், கோடுகள் நீளவாக்கில் நேராக ஓடும். அடுத்து பற்றவைத்த இடம். அங்கே காட்மியம் நிறைய காட்டினால் ஒன்று புதுசு, இல்லையென்றால் பின்னாளில் யாரோ பழுது பார்த்தது. அந்த உலோகத்தையே 1817இல்தான் கண்டுபிடித்தார்கள். தேய்மானத்தையும் பாருங்கள், வருடக்கணக்கில் கழுத்தில் தொங்கிய தாயத்து வளையத்தின் உட்புறம்தான் தேய்ந்திருக்கும், முகப்பில் மட்டும் கீறல் என்றால் யாரோ வேலை காட்டியிருக்கிறார்கள்.

இதிலெல்லாம் பெரிய இடங்களே ஏமாந்திருக்கின்றன. 1896இல் லூவர் அருங்காட்சியகம் 2 லட்சம் ஃபிராங்குக்கு வாங்கிய ‘சைதாஃபர்னீஸ் மகுடம்’ பழைய கிரேக்க வேலை என்றார்கள். செய்தது ஒடெசாவின் பொற்கொல்லர் இஸ்ரேல் ரூகோமோவ்ஸ்கி, 1903இல் அவரே பாரிஸுக்கு வந்து செய்து காட்டினார்.

தயவுசெய்து கடையில் கொடுத்துப் பாலிஷ் போடாதீர்கள். ஒட்டியிருக்கும் மண்ணும் கம்பியின் கோடும் போய்விட்டால் நாங்கள் பார்ப்பதற்கு மிச்சம் எதுவும் இருக்காது.

நிஜமான ரோமானிய நகை என்றாலும் பிரச்சினை தீராது. இத்தாலியில் மண்ணிலிருந்து எடுக்கும் பழம்பொருள் 1909 சட்டத்திலிருந்தே அரசுக்குச் சொந்தம், திருடித் தோண்டியதை வாங்கினால் காசும் போகும், வழக்கும் வரும். ‘ஐரோப்பியத் தனியார் சேகரிப்பு’ என்ற ஒற்றை வரி சான்றாகாது. யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற ரசீது, பழம்பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை வந்த 1970க்கு முந்தைய புகைப்படமோ ஏலப் பட்டியலோ கேளுங்கள், பணம் கட்டுவதற்கு முன்னால்.