பல்கனியில் பிளக் பொயின்ற்: மீற்றர் வந்த பிறகு ஒருவரும் வந்து பார்க்கமாட்டார்கள்

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமி, மேல்மாடிப் பல்கனியில் உடுப்புக் காயப்போட இரும்புக் கைபிடியைப் பிடித்தவுடன் கரண்ட் அடித்துப் பின்னால் விழுந்தா. நல்ல காலம், தப்பிவிட்டா. நான் போய் மெயின் போர்டின் மூடியைக் கழற்றினேன். கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிச் இருந்தது. ஆனால் அதற்குள் வரும் இரண்டு வயர்களையும் வெளியே போகும் இரண்டு வயர்களையும் செம்புக் கம்பித் துண்டுகள் நேராகச் சேர்த்திருந்தன.

“மழை பெய்தா ஒரே விழும் தம்பி. வயர்மன் பெடியன்தான் நேர குடுத்துவிட்டவன். பிறகு விழுறேல்லை” என்றா மாமி.

அந்த ட்ரிப் சுவிச் மழைக்கு விழுந்தது பழுதினால் அல்ல. பல்கனிப் பொயின்ற்றுக்குள் தண்ணீர் போகிறது என்று அது ஒவ்வொரு மழைக்கும் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் வாயைத்தான் கட்டியிருக்கிறார்கள்.

வெளிநாட்டுப் பிள்ளைகள் வீட்டுப் படத்தோடு அங்கத்தைய விதியையும் அனுப்பிவிடுகிறார்கள். அமெரிக்க விதிப்படி, வீட்டோடு ஒட்டி உள்ளிருந்து போய்வரக்கூடிய பல்கனிக்குக் குறைந்தது ஒரு பொயின்ற் வேண்டும். அது பல்கனித் தரையிலிருந்து ஆறரை அடிக்கு மேல் இருக்கக்கூடாது. இங்கே பல்கனிக்குப் பொயின்ற் வை என்று உங்களை ஒருவரும் கட்டாயப்படுத்தமாட்டார்கள். வைத்தால் எப்படி வைப்பது என்பதுதான் கேள்வி. இங்கு வயரிங்குக்கு அடிப்படையாகக் கொள்ளப்படும் பிரித்தானிய விதிகள், பி.எஸ். 7671, வெளியில் பாவிக்கும் பொயின்ற்றுக்கு 30 மில்லிஅம்பியரில் விழும் ட்ரிப் சுவிச்சைக் கேட்கின்றன. போர்டில் இருப்பது 100 அல்லது 300 என்றால் அது ஆளைக் காப்பாற்ற வைத்ததல்ல. எண் அதன் முகத்திலேயே அடித்திருக்கும். போய்ப் பாருங்கள்.

“எர்த் அடிச்சிருக்கு, பியூஸ் இருக்கு, இது எதுக்கு?” என்று கேட்கும் வயர்மன்மாருக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்த எர்த் கம்பிதான். அதன் தடை 100 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட் கசிந்தால் ஓடுவது 2.3 அம்பியர். முப்பது அம்பியர் பியூஸ் அதற்கு அசையவே அசையாது. கைபிடியில் கரண்ட் அப்படியே நிற்கும், யாராவது வந்து தொடும்வரை. அதோடு எங்கள் மண் வேறு. பல இடங்களில் கொஞ்சம் செம்மண், கீழே சுண்ணாம்புக்கல். கம்பி பாதியில் கல்லில் முட்டினால், மிச்சத்தை வெட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மாரியில் அளந்து நல்ல எண் காட்டிய எர்த், ஆவணி வெயிலில் மண் காய்ந்ததும் அதே எண்ணைக் காட்டாது. எர்த்தைக் கோடையில் ஒருக்கா அளப்பியுங்கள்.

இனிக் கடதாசி. புது இணைப்புக்கு மின்சார அலுவலகத்தில் விண்ணப்பப் படிவம், அடையாள அட்டைப் பிரதி, காணி உரிமைக்கு ஆதாரம், வயரிங்கைச் சோதித்த அறிக்கை ஆகியவற்றைக் கேட்பார்கள். சனம் அலைக்கழிவது காணி உரிமையில்தான். காணி உறுதி கனடாவில் இருக்கும் அண்ணன் பெயரில், இருப்பது தங்கச்சி. அல்லது உறுதி இடப்பெயர்வோடு போய்விட்டது. “கிராம சேவையாளரிட்டக் கடிதம் வாங்கிக்கொண்டு வாங்கோ” என்பார்கள். வாங்கிக்கொண்டு போனால் “பிரதேச செயலாளரின் ஒப்பம் இல்லை” என்பார்கள். ஆகவே முதல் நாளே, என்னென்ன வேண்டும் என்பதைப் படிவத்தின் பின்பக்கத்தில் அவர்கள் கையாலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். சொந்தக்காரர் வெளிநாட்டில் என்றால், அவருக்குப் பதிலாக நடக்க அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவத்தில் மின் இணைப்பு விடயங்களையும் சேர்த்து எழுதுவியுங்கள். காணி விற்க மட்டும் எழுதியதைக் கொண்டுபோய்த் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சோதனை அறிக்கையில்தான் பெரிய மோசம் நடக்கிறது. வீட்டுப் படலையையே திறக்காதவர் ஒப்பம் வைத்த அறிக்கை என் கைக்கு வந்திருக்கிறது. எர்த் அளவு என்ற இடத்தில் ஏதோ ஒரு எண். ஒப்பமிடுபவர் உங்கள் கண்முன்னால் அளக்கவேண்டும். அவரிடம் என்.வி.கியூ. என்ற தேசிய தொழில் தகைமையில் மூன்றாம் நிலை அல்லது அதற்கு மேலான சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக்குறைவு அல்ல.

மீற்றர் பூட்டிய பிறகு பல்கனிக்கு, விறாந்தைக்கு, கிணற்றடிக்கு என்று பொயின்ற் இழுக்கும்போது ஒருவரும் வந்து பார்ப்பதில்லை. மாமி வீட்டிலும் அதுதான் நடந்தது. அலுவலகம் கேட்காவிட்டாலும் அந்தப் புது வேலைக்கும் அறிக்கை எழுதுவியுங்கள். விறாந்தையில் ஃப்ரீசர் வைத்து ஐஸ்கிறீம் விற்கப்போகிறீர்கள் என்றால் முதலே கேளுங்கள். வீட்டுக் கட்டணம் வியாபாரத்துக்குச் செல்லாது.

பொயின்ற் வாங்கும்போது, தூசியும் தண்ணீரும் உள்ளே போகாமல் எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் ஐ.பி. எண்ணைப் பாருங்கள்; 44க்குக் குறைந்ததை வெளியில் பூட்டவேண்டாம். காரைநகர், பருத்தித்துறைப் பக்கம் உப்புக் காற்று திருகாணியைத் தின்றுவிடும்; 65 அல்லது 66 எடுங்கள். பல பெட்டிகளில் அந்த எண் பொருந்துவது மூடி சாத்தியிருக்கும்போது மட்டும்தான். பிளக் செருகியபடியே மூடக்கூடிய பெட்டியைக் கேளுங்கள். பேனை முனையால் மேல் ஓட்டையை அமுக்கி இரண்டு முனைப் பிளக்கைச் செருகும் பழக்கத்தைப் பல்கனியிலாவது விடுங்கள். ஈரக் காலோடு நிற்கும் இடம் அது.

விண்ணப்பம் கிடப்பில் கிடந்தால் கதிரைக்குக் கதிரை கெஞ்சவேண்டியதில்லை. ஏன் தாமதம், எந்த அதிகாரியிடம் கோப்பு இருக்கிறது என்று 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். 14 வேலை நாளுக்குள் தகவல் அதிகாரி முடிவு சொல்லவேண்டும். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். முறைப்பாடு என்றால் முதலில் மின் வழங்குநருக்கு எழுத்தில். பதில் இல்லையென்றால் அந்தப் பிரதியோடு, மின் வழங்குநரை மேற்பார்க்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கு. வாயால் சொன்னதற்குக் கோப்பில் இடமில்லை.

வயர்மனுக்குக் கடைசிக் காசு கொடுக்கமுதல் அவரை நிற்பாட்டி, ட்ரிப் சுவிச்சில் ‘T’ என்று எழுதிய சின்னப் பொத்தானை நீங்களே அமுக்குங்கள். சுவிச் விழவேண்டும். விழுந்த பிறகு மேலே போய்ப் பல்கனிப் பொயின்ற்றில் மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். அப்போதும் எரிந்தால், உங்கள் போர்டுக்குள்ளும் அந்தச் செம்புத் துண்டுகள் இருக்கலாம். அல்லது பல்கனி வயர் ட்ரிப் சுவிச்சுக்கு வெளியால் போகிறது. காசைச் சட்டைப் பைக்குள் வையுங்கள், மூடியை அவரையே கழற்றச் சொல்லுங்கள்.